மருந்து போட்ட இடமே புண்ணாகுது, ஏன்? டெட்டோல், பெட்டடின், சேவ்லொன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் ஒரு பாமசி கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். டொக்டர் இல்லை. காயத்துக்கு மருந்து வாங்க வருகிறவர்களில் நிறையப் பேர் காயத்தைக் காட்டுவதில்லை, அதைச் சுற்றிச் சிவந்து வெந்துபோன தோலைத்தான் காட்டுகிறார்கள். கேள்விகளும் திரும்பத் திரும்ப அதேதான், அதனால் கேட்டவர்கள் பேசின மாதிரியே எழுதி, பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

தம்பி, டெட்டோல் எரிஞ்சாத்தானே கிருமி சாவுதுன்னு அர்த்தம்?

இல்லைங்க. எரிவது கிருமி இல்லை, நீங்கள். தோல் கிழிந்த இடத்தில் நரம்பு நுனிகள் திறந்து கிடக்கின்றன, அதில் ஸ்பிரிட் மாதிரியான ஒன்று பட்டால், சூட்டை உணர்கிற அதே நரம்புதான் தூண்டப்படுகிறது. அதனால்தான் சுட்ட மாதிரியே இருக்கிறது. பெட்டடின் அவ்வளவாக எரியாது, ஆனால் பக்டீரியா, பூஞ்சை, வைரஸ் என்று பலதையும் கொல்லக்கூடியது. எரிச்சலை வைத்து மருந்தின் பலத்தை அளக்க முடியாது.

இந்த ஒரு நம்பிக்கைதான் பாதி வம்புக்குக் காரணம். எரிகிறது, அதனால் வேலை செய்கிறது, அதனால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

அப்போ எவ்வளவு தண்ணி கலக்கணும்? நாங்க மூடியில ஊத்தி அப்படியே பஞ்சுல தொட்டுப் போடுறோமே.

பழுப்பு நிற டெட்டோல் திரவத்தில் குளோரோசைலினோல் என்ற மருந்து 4.8 சதவீதம் இருக்கிறது, கூடவே பைன் எண்ணெய், சவர்க்காரம், அல்ககோல். காயம் கழுவ ஒரு பங்கு டெட்டோலுக்கு இருபது பங்கு தண்ணீர். அரை லீட்டர் தண்ணீருக்கு 25 மில்லிலீட்டர், அதாவது ஐந்து தேக்கரண்டி. சின்னக் காயம் என்றால் 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். வேறு கம்பனி மருந்து என்றால் அந்தப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

கலக்காமல் போடுவதை விட மோசம், கலக்காமல் நனைத்த பஞ்சைக் காயத்தில் வைத்து மேலே துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது. மருந்து காய வழியில்லாமல் இரவு முழுக்கத் தோலிலேயே ஊறும். காலையில் கட்டை அவிழ்த்தால் தோல் வெளுத்து உரிந்து வரும். அது ஒவ்வாமை இல்லை, நேரடியான இரசாயனத் தீக்காயம்.

எரிச்சல் வேற, அலர்ஜி வேறயா? ரெண்டும் செவந்துதானே போகுது.

வேறு வேறு. எரிச்சல் வகை யாருக்கும் வரும், கடுமையான மருந்து போதிய நேரம் தோலில் கிடந்தாலே போதும். சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும். அரிப்பை விட காந்தல்தான் அதிகம். மருந்து பட்ட இடத்தோடு நின்றுவிடும், எல்லையைப் பேனாவால் கோடு போட்டுக் காட்டலாம். அலர்ஜி அப்படி இல்லை. அது சிலருக்கு மட்டும்தான், அதுவும் உடம்பு அந்த மருந்தை ஏற்கனவே அடையாளம் பிடித்து வைத்திருந்தால்தான். போட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றிலிருந்து மூன்று நாளில் கிளம்பும். தூங்க விடாத அரிப்பு, பொடிப்பொடியாக நீர்க் கொப்புளம், நீர் வடிதல். போட்ட இடத்தைத் தாண்டியும் பரவும்.

மூன்றாவது ஒன்று உண்டு, அரிது, ஆனால் அதுதான் ஆபத்தானது. போட்ட சில நிமிடத்திலேயே உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, உதடு, முகம் வீங்கும். அதைச் சேவ்லொன் கேள்வியில் சொல்கிறேன்.

நான் முதலில் பார்ப்பது புண்ணின் வடிவத்தை. முழங்காலில் காயம், ஆனால் சிவப்பு ஒரு கோடாக முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இறங்கியிருக்கிறது என்றால், மருந்து வழிந்த பாதை அது. சதுரமாக நான்கு மூலையோடு இருந்தால் மருந்தை விட்டுவிட்டுப் பிளாஸ்டரைச் சந்தேகப்படுங்கள், ஒட்டும் பசைக்கே பலருக்கு ஒத்துக்கொள்ளாது. கையில் காயம், அதைச் சுற்றித் தோல் நன்றாக இருக்கிறது, மோதிரத்துக்கு அடியில் மட்டும் வெந்திருக்கிறது என்றால், கழுவின தண்ணீர் அங்கே தங்கியிருக்கிறது.

இத்தனை வருஷமா இதையேதான் போட்டேன், ஒண்ணும் ஆகல. இப்ப மட்டும் ஏன்?

அலர்ஜி பிறக்கும்போதே கொண்டுவருகிற சங்கதி இல்லை, பழக்கத்தில்தான் வருகிறது. திரும்பத் திரும்பப் படும்போது ஏதோ ஒரு தடவை உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். முதல் தடவை குறித்துக்கொள்ளப் பெரும்பாலும் பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். அடுத்த தடவையிலிருந்து இரண்டொரு நாளிலேயே காட்டிவிடும். அப்புறம் அது லேசில் போகாது, வருடக் கணக்கில் இருக்கும். முழுத் தோலை விட உடைந்த தோலில் போடுவதால் இது வர வாய்ப்பு அதிகம். காலில் நாள்பட்ட புண் வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் விதவிதமாகப் பூசுகிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

அட்டை கடிச்ச எடத்துல டெட்டோல் போட்டேன், ஒரு வாரமா அரிக்குது. அட்டையா, டெட்டோலா?

வட்டவளை, கினிகத்தேன பக்கத்து மழையில் வேலை செய்கிறவர்களிடம் இதைக் கேட்காத மாதமே இல்லை. அட்டையின் எச்சிலில் இரத்தம் உறையாமல் செய்கிற பொருள் இருக்கிறது, அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்காக இரத்தம் கசிகிறது. அந்த எச்சிலுக்கே உடம்பு அரிப்புக் காட்டும், நாள் கணக்கில் நீளும். ஆக, கடிவாயில் மட்டும், பொட்டு வைத்த அளவுக்கு அரித்தால் அட்டை. கடிவாயைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்து அரித்தால் மருந்து. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஒட்டியிருக்கும் அட்டை மேல் டெட்டோல், உப்பு, சுண்ணாம்பு எதையும் கொட்டாதீர்கள். வதைபட்ட அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். நகத்தை அதன் வாய்க்குப் பக்கமாகத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடி விட்டுவிடும். அப்புறம் சவர்க்காரம், தண்ணீர், சுத்தமான துணியால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பது. அட்டைக் கடிக்கு அவ்வளவுதான் வைத்தியம். சுண்ணாம்பு காரம், அது தனியாகத் தோலைப் பொசுக்கும்.

மஞ்சள் இயற்கைதானே, அதுல என்ன வரப்போகுது?

மஞ்சளுக்கும் தொடு ஒவ்வாமை உண்டு, அரிதாக. ஆனால் என் கவலை அது இல்லை. சமையல் மஞ்சள்தூள் கிருமி நீக்கியது இல்லை. 2020இல் இறக்குமதி நின்று விலை ஏறினபோது மாவு கலந்த மஞ்சள் கடைக்கு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், அதைத் திறந்த காயத்தில் அப்பினால் என்ன அப்புகிறோம் என்றே தெரியாது. இன்னொன்று, மஞ்சள் பூசின காயம் சிவக்கிறதா, சீழ் பிடிக்கிறதா என்று பார்க்கவே முடியாது. கோப்பித்தூள், தேயிலைத்தூளுக்கும் இதே பதில்.

பெட்டடின் போட்ட எடம் பழுப்பா போயிருச்சு, அலர்ஜியா?

கறை. கழுவினால் போய்விடும். அரிப்போ காந்தலோ இல்லையென்றால் கவலை வேண்டாம்.

பெட்டடினால் தோல் வேகிறதும் உண்டுதான், ஆனால் பெரும்பாலும் அது ஈரமாகத் தேங்கிக் கிடந்த இடத்தில். விரல் இடுக்கு, இடுப்பு மடிப்பு, இறுக்கின கட்டுக்கு அடியில். மெல்லிசாகத் தடவி, காய விட்டு, அப்புறம் கட்டினால் அந்தத் தொல்லை குறையும்.

எனக்கு இறால், நண்டு ஒத்துக்காது. பெட்டடின்ல அயடின் இருக்கே, போடலாமா?

போடலாம். இறால் அலர்ஜி அதிலுள்ள ஒரு வகைப் புரதத்தால் வருவது, அயடினால் இல்லை. நம் ஊரில் கடையில் வாங்குகிற உப்பில் அயடின் இருக்கிறது, அயடின்தான் பிரச்சினை என்றால் நீங்கள் ஒரு வேளை சோறு கூட நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க முடியாது. ஆஸ்பத்திரிகளில் கூடச் சிலர் இந்த இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள்.

கவனமாக இருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்: தைரொயிட் வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், பச்சைக் குழந்தைகள். தோல் வழியாக அயடின் உள்ளே போகும். இவர்களுக்குப் பெரிய காயத்தில் நாள் கணக்கில் போடுவதானால் டொக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

சேவ்லொன் மென்மையானதுன்னு சொல்றாங்களே?

மணம் மென்மை. பழைய சேவ்லொன் திரவத்தில் இருப்பது செட்ரிமைட், குளோர்ஹெக்ஸிடின் என்ற இரண்டு மருந்து. இதையும் தண்ணீர் கலந்துதான் போட வேண்டும், கலக்காத செட்ரிமைட் தோலை வறட்டி வெடிக்க வைக்கும். கண்ணிலோ காதுக்குள்ளேயோ படவே கூடாது, குளோர்ஹெக்ஸிடின் கண்ணின் கருவிழியையும் காதின் உட்பகுதியையும் கெடுக்கும்.

முன்னே சொன்ன மூன்றாவது வகை, அந்தத் திடீர் வகை, குளோர்ஹெக்ஸிடினுக்குத்தான் பேர் போனது. அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தான அளவுக்குப் போனதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. இதே மருந்து வாய் கொப்பளிக்கிற திரவத்திலும், சத்திரசிகிச்சைக்கு முன் தோல் துடைக்கிற மருந்திலும், ஆஸ்பத்திரியில் குழாய் ஏற்றும்போது தடவுகிற ஜெல் சிலவற்றிலும் இருக்கிறது. சேவ்லொன் போட்டு உடம்பு தடித்தவர், பல் வைத்தியர் கொடுத்த கொப்பளிப்பு மருந்தை அதே நினைப்போடு பார்க்க வேண்டும்.

போட்டாச்சு, செவந்து கொப்புளமும் வந்திருச்சு. இப்ப என்ன செய்றது?

மருந்தை நிறுத்துங்கள். இப்போதுதான் கலக்காமல் போட்டு எரிகிறது என்றால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். நுவரெலியாக் குளிரில் இருபது நிமிடம் பெரிய நேரம்தான், உடம்பைப் போர்த்திக்கொண்டு அந்த இடத்தை மட்டும் பிடியுங்கள். அப்புறம் குளிர்ந்த ஈரத்துணி, கொஞ்சம் வெள்ளை வாஸ்லின், ஒட்டாத லேசான கட்டு. கொப்புளத்தை உடைக்க வேண்டாம். அதுக்கு மேல் இன்னொரு மருந்து, அதுவும் ஒத்துக்கவில்லை என்று மூன்றாவது மருந்து என்று போகவே வேண்டாம், கடைசியில் எது செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அரிப்புத் தடிப்புக்கு செட்ரிசின் குளிசை உதவும், ஆனால் நீர்க்கொப்புள வகைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. முகத்தில், கண் பக்கம், பிறப்புறுப்பில் வந்திருந்தாலோ, உள்ளங்கை அளவைத் தாண்டினாலோ டிஸ்பென்சரியிலேயே காட்டிவிடுங்கள்.

உதடு வீக்கம், மூச்சுத் திணறல், குரல் கம்மல், தலை சுற்றி விழுதல், இதில் ஒன்று வந்தாலும் உடனே 1990க்கு ஃபோன் எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தில் மலை மேலே இருக்கிற டிவிஷன்காரர்கள் கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருக்கவே கூடாது, வாகனம் ஏறி வர எடுக்கிற நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

அரிக்கிற எடத்துல பெட்னோவேட் பூசலாமா? வீட்ல அதுதான் இருக்கு.

முதலில் டியூபைப் புரட்டிப் பாருங்கள். இந்த வகை ஸ்டீரொயிட் கிரீம்களில் நியோமைசின் என்ற அன்டிபயொட்டிக் சேர்த்ததும் உண்டு, பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். நியோமைசினே பெயர் பெற்ற அலர்ஜிக்காரன். ஸ்டீரொயிட் அரிப்பை அடக்கும், நியோமைசின் அரிப்பைக் கிளப்பும். பூசும்போது நன்றாக இருக்கிறது, விட்டால் திரும்ப வருகிறது என்று மாதக் கணக்கில் டியூப் டியூபாக வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இதுதான்.

நியோமைசின் ஒத்துக்காதவர்களில் பலருக்கு சொஃப்ராமைசினும் ஒத்துக்காது. அதிலுள்ள ஃப்ராமைசெட்டின் அதே குடும்பம். அதற்குப் பதிலாக இதை என்று மாற்றுவதில் அர்த்தமில்லை.

சுத்தமான ஸ்டீரொயிட் கிரீம் டொக்டர் சொன்னால் சில நாளைக்குச் சரி. திறந்த காயத்தில், சீழ் பிடித்த இடத்தில், முகத்தில் உங்கள் இஷ்டத்துக்கு வேண்டாம்.

இது அலர்ஜியா, சீழ் பிடிக்குதா, எப்படித் தெரியும்?

அலர்ஜி அரிக்கும். சீழ் வலிக்கும், நாளுக்கு நாள் வலி கூடும், தொட்டால் சுடும், நாற்றம் வரும், காய்ச்சல் வரலாம். காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஏறினாலோ கவட்டையில் நெறி கட்டினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மருந்து வழிந்த கோடு கீழ்நோக்கி இறங்கும் என்று முன்னே சொன்னேன், இது ஏறும்.

கொழுந்து பறிக்கிற கை வெடிச்சு கெடக்கு. சாயங்காலம் டெட்டோல் தண்ணில தேய்ச்சுக் கழுவினா நல்லதுதானே?

இந்தக் கேள்வி கேட்கிற அக்காமாரின் கையைப் பார்த்தாலே தெரியும்: ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் பொடிப்பொடியான வெடிப்பு, அதற்குள்ளே கொழுந்துச் சாயம் இறங்கி மை கொட்டின மாதிரி கறுத்துக் கிடக்கும். அது அழுக்கோ கிருமியோ இல்லை. தேயிலைச் சாறு காற்றுப் பட்டுக் கறுப்பது. அதை எடுக்கத்தான் டெட்டோலும் தேசிக்காயும் பிரஷும் போட்டுத் தேய்க்கிறார்கள், கறுப்பு கொஞ்சம் போகும், தோலின் எண்ணெய் முழுக்கப் போகும், வெடிப்பு இன்னும் ஆழமாகும். ஜனவரி, பெப்ரவரிப் பனியில் இது இரண்டு மடங்கு. எரிச்சல் வகை நாள்பட்டால் இப்படித்தான் இருக்கும், தடித்து, வறண்டு, ஓரம் உரிந்து.

சாதாரண சவர்க்காரம், வெதுவெதுப்பான தண்ணீர், கை ஈரம் காய்வதற்கு முன் தேங்காய் எண்ணெய் அல்லது வாஸ்லின். படுக்கும்போது இன்னொரு தடவை பூசிப் பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்குங்கள். பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும். தோட்டத்தில் பூச்சிமருந்து, களைமருந்து தெளிக்கிறவர்களின் கைப்புண் வேறு கதை, அதை டொக்டரிடம் என்ன மருந்து தெளித்தேன் என்று பெயரோடு சொல்ல வேண்டும்.

பிள்ளைக்கு வாக்குற தண்ணில ரெண்டு சொட்டு டெட்டோல்?

வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். கொப்பூழ்க் கொடியையும் சுத்தமாக, உலர்வாக வைத்தால் போதும், மஞ்சள், ஸ்பிரிட், பவுடர் ஒன்றும் வேண்டாம். மிட்வைஃப் ஏதாவது சொன்னால் அதைச் செய்யுங்கள், பக்கத்து லயத்துப் பாட்டி சொன்னதை இல்லை.

எனக்கு சீனி வருத்தம். கால சுடுதண்ணி டெட்டோல்ல ஊற வைக்கிறேன், எரியவே இல்ல, அதனால பரவாயில்லைதானே?

எரியாததுதான் பயமே. சீனி வருத்தத்தில் காலின் நரம்பு மரத்துப்போகும். தண்ணீர் கொதிக்கிறதா, மருந்து கடுமையா என்று காலுக்குத் தெரியாது. வெந்த பிறகு கண்ணால் பார்த்துத்தான் தெரிய வரும். ஊற வைக்கவே வேண்டாம், விரல் இடுக்கு ஊறி வெடிக்கும். கழுவி, ஒற்றித் துடைத்து, தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள். புண் வந்தால் கிளினிக்.

ஊதா மருந்து, செவப்பு மருந்தெல்லாம் அந்தக் காலத்துல போட்டோமே?

போட்டோம். சிவப்பு மருந்து மெர்குரோகுரோம், பாதரசம் உள்ளது. 1998இல் அமெரிக்கா அதைப் பாதுகாப்பானது என்று ஏற்கப்பட்ட பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. ஊதா மருந்தை, அதாவது ஜென்ஷியன் வயலட்டை, திறந்த காயத்தில் போட்டால் நிறம் தோலிலேயே தங்கிவிடலாம், கடுமையான அளவில் புண்ணையும் ஆக்கும். பழைய போத்தல் வீட்டில் இருந்தால் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், காயத்துக்கு வேண்டாம்.

எதைக் கேட்டாலும் வேணாங்கிறீங்க. அப்போ காயத்துக்கு என்னதான் போடுறது?

சுத்தமான தண்ணீர், நிறைய. சுற்றியுள்ள தோலுக்குச் சவர்க்காரம். மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு லீட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, அதுக்கு மேல் போட்டால் எரியும். மண், சக்கை போகும்வரை கழுவி, வாஸ்லின் மெல்லிசாக வைத்து மூடுங்கள். வீட்டில் வருகிற சின்னக் காயத்தில் பெரும்பாலானவை இதிலேயே ஆறும். கவ்வாத்துக் கத்தி ஆழமாக இறங்கியிருந்தால், துருப்பிடித்த தகரம் கிழித்திருந்தால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசியைக் கேளுங்கள், டெட்டோல் அதைத் தடுக்காது.

நாய், பூனை கடித்தால் மட்டும் இந்தச் சிக்கனம் கிடையாது. சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம், அப்புறம் பெட்டடின், அப்புறம் நேராக ஆஸ்பத்திரி, விசர்நாய்க்கடி ஊசிக்கு. பெட்டடின் ஒத்துக்காது என்றாலும் கழுவுவதை விடக்கூடாது, ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது.

எதுக்கு அலர்ஜின்னு வீட்லயே கையில தடவிப் பாக்கலாமா?

டெட்டோலைக் கலக்காமல் கையில் ஊற்றிப் பிளாஸ்டர் ஒட்டினால் யாருக்கும் வேகும், அதில் அலர்ஜி என்ன தெரியப்போகிறது? தோல் வைத்தியர்கள் செய்கிற சோதனையில் சரியான அளவில் கலந்த பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரி டொக்டரிடம் கடிதம் வாங்கித் தோல் கிளினிக்குக்குப் போங்கள். நிமிடத்தில் தடித்து வீங்கின அனுபவம் உள்ளவர்கள் வீட்டில் எதையும் பரீட்சித்துப் பார்க்கவே கூடாது.

அடுத்த மாசம் மகளுக்கு சிசேரியன். அவளுக்கு ஒரு மருந்து ஒத்துக்கலன்னு ஆஸ்பத்திரியில எப்படி சொல்றது? எனக்கு சிங்களமும் வராது.

"டெட்டோல் ஒத்துக்காது" என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரே கம்பனிப் பெயரில் திரவம், கிரீம், ஸ்பிரே என்று வரும், உள்ளே இருக்கிற மருந்து வேறு வேறாக இருக்கும். போத்தலையே எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரை ஃபோனில் படம் எடுங்கள். புண் இருந்தபோது எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டுங்கள், போட்ட எத்தனை மணி நேரத்தில் வந்தது என்பதையும் சொல்லுங்கள், மூன்று வகையில் எது என்று டொக்டருக்கு அதிலேயே பாதி புரிந்துவிடும்.

அந்தப் பெயரைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரச் சொல்லி, பாமசியிலோ மிட்வைஃபிடமோ கேளுங்கள், ஒரு நிமிட வேலை. வார்டில் சேர்க்கும்போது ஒரு தடவை, தியேட்டருக்குக் கூட்டிப்போகிறவரிடம் இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்கள். குளோர்ஹெக்ஸிடின் என்றால் பெட்டடினும், பெட்டடின் என்றால் வேறு ஒன்றும் அவர்களிடம் இருக்கும், முன்கூட்டியே தெரிந்தால் போதும்.